மே 17 ஊர்வலமும் நம் பிள்ளைகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மே 18இல் முள்ளிவாய்க்காலை நினைந்து விளக்கேற்றவிருக்கும் நாம், அதற்கு முதல் நாள், நோர்வேயின் தேசிய நாளில், இந்நாட்டுக் கொடியைப் பிள்ளைகளின் கையில் கொடுத்து ஊர்வலத்துக்கு அனுப்புவது முறையா என்று சென்ற இதழில் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அவருடைய மனவருத்தம் எனக்குப் புரியாததல்ல. முள்ளிவாய்க்காலில் போரின் இறுதி நாட்கள் நடந்துகொண்டிருந்த 2009 மே 17இல், அதே மனவருத்தத்தில் என் மூத்த மகளை நானும் அனுப்பாமல் விட்டவள்தான். முதலாம் வகுப்பில் இருந்த அவள், இரண்டு கிழமைகளாகப் பாட்டுப் பழகியிருந்தாள். வீட்டில் தொலைபேசி ஓயாமல் அடித்துக்கொண்டிருந்த அந்தக் காலையில், யாரும் சொல்லாமலே வெள்ளைச் சட்டையும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு வாசற்படியில் இருந்தவள், பத்து மணி கழிந்ததும் தானாகவே சப்பாத்தைக் கழற்றி வைத்தாள். அதை அவள் இன்றுவரை மறக்கவில்லை என்பது எனக்கு அண்மையில்தான் தெரியவந்தது.

1814இல் எய்ட்ஸ்வொல் என்னும் ஊரில் அரசியலமைப்பு கையெழுத்தான நாளைக் கொண்டாடும் இந்த ஊர்வலத்தில் முதலிடம் பீரங்கி வண்டிகளுக்கோ ஏவுகணைகளுக்கோ அல்ல, பள்ளிப் பிள்ளைகளுக்கே. கவிஞர் பியோர்ன்சன் முன்னின்ற பிள்ளைகள் ஊர்வலம் 1870இல் சிறுவர்களோடு மட்டும் தொடங்கியது. சிறுமிகள் சேர 1889வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜெர்மானியர் இந்நாட்டைப் பிடித்திருந்த ஆண்டுகளில் இக்கொண்டாட்டம் தடைசெய்யப்பட்டிருந்தது. கொடி பிடிக்கவும் கூடி நடக்கவும் தடைவிதிக்கப்பட்டால் எப்படியிருக்கும் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இது நம்முடைய விழா அல்ல என்று சொல்வோர் 1983ஐயும் நினைத்துப் பார்க்க வேண்டும். வெளிநாட்டுப் பின்னணிப் பிள்ளைகள் பலர் படித்த ஒஸ்லோவின் சாகன பாடசாலைக்கு, ஊர்வலத்தில் குண்டு வைப்போம் என்று மிரட்டல் வந்தது. ஆனாலும் அப்பிள்ளைகள் நடந்தார்கள். ஒஸ்லோ மக்கள் அவர்களைக் கைதட்டி வரவேற்றார்கள். அந்த இடத்தை நம் பிள்ளைகள் இன்று தாமாகக் காலியாக்கிக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதற்காகக் கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு அரண்மனைக்குச் செல்லும் ஒஸ்லோவின் பிரதான வீதியான கார்ல் யோஹானுக்குத்தான் போக வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக அரண்மனையைக் கடந்து போகும்போது, மாடத்தில் நின்று கையசைக்கும் அரச குடும்பத்தினருக்குப் பொறுமை இருக்கலாம். தள்ளுவண்டியில் இருக்கும் மூன்று வயதுப் பிள்ளைக்கு இராது. நெரிசலில் அதற்குத் தெரிவதெல்லாம் பெரியவர்களின் முழங்கால்களே. சின்னஞ்சிறுசுகளுக்குத் தத்தம் பகுதிப் பாடசாலை முற்றமே போதும்: வாத்தியக்குழு கண்ணெதிரே வாசிக்கும், கரண்டியில் உருளைக்கிழங்கை ஏந்தி ஓடும் போட்டி இருக்கும், எண்ண முடியாத அளவுக்கு ஐஸ்கிரீம் கிடைக்கும். (எத்தனை என்பதைப் பெற்றோர் தீர்மானிக்கப் பார்க்கலாம், எனக்கு ஒரு வருடமும் வாய்க்கவில்லை.) மே மாதம்தானே என்று நம்பி மெல்லிய சட்டையோடு கூட்டிச் செல்லாதீர்கள், உள்ளே ஒரு கம்பளிச் சட்டை அவசியம்.

என் இளைய மகன் சென்ற ஆண்டு 17ஆம் திகதி தொண்டை கட்டும்வரை ஹுர்ரா சொல்லிவிட்டு, மறுநாள் மாலை நினைவு நிகழ்வில் என்னோடு வரிசையில் நின்று உப்புக் கஞ்சியை வாங்கிக் குடித்தான். இதில் ஏன் சீனி போடவில்லை என்று கேட்டான். அன்று முள்ளிவாய்க்காலில் இருந்த உணவு அவ்வளவுதான் என்று சொன்னேன். கோப்பையை அவன் மிச்சம் வைக்கவில்லை.

ஆகவே நினைவு நிகழ்வை ஒழுங்குசெய்வோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளின் பாடல், நடன ஒத்திகைகள் சில ஆண்டுகளாக 17ஆம் திகதி முற்பகலிலேயே வைக்கப்படுகின்றன. வேண்டுமென்று செய்வதாக நான் கருதவில்லை. அது விடுமுறை நாள், மண்டபம் கிடைக்கிறது, அவ்வளவே. அதை 16ஆம் திகதி மாலைக்கோ 17ஆம் திகதி பின்னேரத்துக்கோ மாற்றித் தந்தால், ஊர்வலமா ஒத்திகையா என்று ஏழு வயதுப் பிள்ளையைத் தெரிவுசெய்யச் சொல்லும் நிலை எங்களுக்கு வராது.

இப்படிக்கு,
ஒரு தாய்,
ஒஸ்லோ.