குதிக்கால் நாண் சத்திரசிகிச்சையின் பின் என்னை நடக்க வைத்தவர்களுக்கு

அன்புடையீர்,

கலைவிழா ஒத்திகையில் மாணவிகளுக்குக் குதித்துமெட்டடவு (முன்பாதத்தில் குதித்துப் பின் குதிக்காலைத் தட்டும் பரதநாட்டிய அசைவு) சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது கெண்டைக்காலைக் குதிக்காலுடன் இணைக்கும் எனது இடது குதிக்கால் நாண் முற்றாக அறுந்துபோனதை உங்களில் பலர் அறிவீர்கள். அன்று தொடக்கம் இன்று எவரது துணையுமின்றி வகுப்பறைக்கு நடந்து செல்லும்வரை என்னைத் தாங்கிய அனைவரையும் நேரில் வந்து காண இயலாமையால் இம்மடலை எழுதுகிறேன்.

யாழ் போதனா வைத்தியசாலையில் என்னை முதலில் பார்த்த இளம் வைத்தியர் குப்புறப் படுக்கச் சொன்னார். வலது கெண்டைக்காலை அவர் அழுத்தியபோது பாதம் தானாகக் கீழ்நோக்கி அசைந்தது. இடது கெண்டைக்காலை அழுத்தியபோது பாதம் அசையாமல் அப்படியே கிடந்தது; நாண் அறுந்துவிட்டதை அதிலேயே கண்டுகொண்டார். சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் பூசிக் கட்டியிருந்தால் அறுந்த முனைகள் விலகியபடியே காலம் கடந்திருக்கும். உடனடியாக விடுதியில் அனுமதித்த அவருக்கும், நாணைப் பொருத்தித் தைத்த என்புமுறிவுச் சத்திரசிகிச்சை நிபுணருக்கும், மயக்க மருந்து வழங்கிய வைத்தியருக்கும், இரவில் முகம் சுழிக்காமல் வந்து காலை உயர்த்தி வைத்த தாதியருக்கும், சக்கர நாற்காலியை அவதானமாகத் தள்ளிச் சென்ற சிற்றூழியர்களுக்கும் எனது மனமார்ந்த நன்றி.

சத்திரசிகிச்சை ஒரு நாளில் முடிந்துவிட்டது. நடை திரும்பியதோ, பல மாதங்களாக என்னை உரிய நேரத்தில் தடுத்தும் உரிய நேரத்தில் தூண்டியும் வந்த இயன்மருத்துவரால்தான். குதிக்காலுக்குச் சில சென்ரிமீற்றர் மேலே, இரத்தவோட்டம் குறைந்த இடத்தில் நாண் அறுவதால் அது மெதுவாகவே ஆறும் என்பதையும், முதல் மூன்று மாதங்களில் மீண்டும் அறுந்துபோகும் அபாயம் அதிகம் என்பதையும் அவர் படம் வரைந்து விளக்கினார். ஆசிரிய நண்பர்கள் சேர்ந்து வாங்கித் தந்த சிகிச்சைச் சப்பாத்தினுள் குதிக்காலின் கீழ் அடுக்கியிருந்த ஆப்புத் துண்டுகளை அவர் ஒவ்வொன்றாகக் கழற்ற, பாதம் சிறிது சிறிதாகச் சமநிலைக்கு வந்தது. முழங்கால்களை மடித்து அரைமண்டியில் அமர்ந்து பார்க்க நான் அவசரப்பட்ட ஒவ்வொரு முறையும், "ரீச்சர், இப்ப இழுத்தால் நாண் நீண்டுபோகும், பிறகு குதிக்காலைத் தூக்கேலாது" என்று மறித்தார். ஒரு நடனக் கலைஞருக்கு இதைவிடப் பெரிய உதவி இருக்க முடியாது என்றே கருதுகிறேன். நீண்டு ஆறிய நாணைக் கொண்டு துள்ளி எழும்ப இயலாது.

சப்பாத்தைக் கழற்றிய பின்னரும் இடது காலடி சுருங்கியே விழுந்தது. இரு காலடிகளும் ஒரே கால அளவில் விழ வேண்டும் என்று இயன்மருத்துவர் கூறியதைக் கேட்ட என் மாணவி, மாலை வேளைகளில் எங்கள் விறாந்தையில் அமர்ந்து, தட்டுக்கழியால் மெதுவான விளம்ப காலத்தில் தாளம் தட்டினாள். நான் அவளுக்குத் தட்டிய அதே கழி. அந்தத் தட்டுக்கு ஏற்ப, குதிக்கால் முதலில் ஊன்றிப் பெருவிரல் கடைசியில் நிலத்தை உந்த, விறாந்தையின் ஒரு தலைப்பிலிருந்து மறு தலைப்புக்கு நடந்து பழகினேன். பிள்ளை, உனக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

கிணற்றடிப் பக்கமே என்னை விடாமல் தண்ணீர் அள்ளித் தந்த மாமிக்கும், சமையலையும் பிள்ளைகளையும் கவனித்துக்கொண்ட கணவருக்கும், மாடி வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றித் தந்த அதிபருக்கும், கிளினிக் நாட்களில் படலை வாசல் வரை ஓட்டோவைக் கொண்டுவந்து நிறுத்திய தம்பிக்கும் நன்றி.

இப்போது படியேறுகிறேன்; நல்லூர்த் திருவிழாவில் வீதியில் பரப்பியிருந்த மணலிலும் மெதுவாக நடந்தேன். இடது கெண்டைக்கால் இன்னும் மெலிந்தே இருக்கிறது. ஒற்றைக்காலில் நின்று குதிக்காலை உயர்த்தும்போது வலப்பக்கத்தின் உயரம் வருவதில்லை. முழுப் பலம் திரும்ப ஓராண்டு வரை செல்லலாம் என்று வைத்தியர்கள் கூறியிருப்பதால் துள்ளல் அடவுகளை மூத்த மாணவிகளே செய்து காட்டுகிறார்கள்.

ஊர்ச் சனசமூக நிலையம் இரவல் தந்த ஊன்றுகோல்களையும் கொமட் கதிரையையும் சுத்தம் செய்து, தேய்ந்த இறப்பர் அடிகளை மாற்றித் திருப்பிக் கையளித்துவிட்டோம். தேவைப்படுவோர் நிலையத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். இயன்மருத்துவப் பயிற்சி பற்றி அறிய விரும்புவோர் மாலையில் என் வீட்டிற்கும் தயங்காமல் வரலாம்.

நன்றியுடன்,
நடன ஆசிரியை,
கோண்டாவில்.