அடுத்த ஊரடங்கு அறிவிப்பில் கடை திறக்கும் நேரத்தையும் எழுதுங்கள்

மாவட்ட ஆட்சியர்களுக்கும் மாநகராட்சி ஆணையர்களுக்கும் வணக்கம்.

மளிகை, காய்கறி, மருந்துக் கடைகளில் வேலை செய்பவர்களும், கொரோனா நோய்க்காலத்தில் தெருத்தெருவாகப் பொருள் கொண்டுபோய்க் கொடுத்தவர்களும் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம். இப்போது ஊரடங்கு எதுவும் இல்லை. நிதானமாக உட்கார்ந்து பேச இதுதான் நேரம்.

2020 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை. 26-ஆம் தேதி முதல் சென்னை, கோவை, மதுரையில் நான்கு நாள், சேலம், திருப்பூரில் மூன்று நாள் முழு ஊரடங்கு என்று அறிவிப்பு வந்தது. இடையில் இருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை. அன்று கடைகளுக்கு மதியம் 1 மணி வரை நேரம் கொடுத்தார்கள். கூட்டத்தைப் பார்த்த பிறகு 3 மணி வரை நீட்டித்தார்கள். தொற்றைத் தடுக்கப் போட்ட ஊரடங்கு, அதற்கு முந்தைய நாளே ஊரைக் கடைவாசலில் நெருக்கியடித்து நிற்க வைத்தது. மக்களுக்குப் பொறுப்பில்லை என்று அப்போது பலர் பேசினார்கள். அதை நாங்கள் ஏற்கவில்லை. நான்கு நாள் கடை இருக்காது என்று முந்தின நாள் தெரியவந்தால், பிள்ளை குட்டி உள்ள யாரும் பையை எடுத்துக்கொண்டு கடைக்குத்தான் ஓடுவார்கள்.

ஒரு தெருமுனை மளிகைக் கடையின் கணக்கைப் பாருங்கள். கல்லாவில் ஒருவர், பொருள் எடுத்து எடை போட ஒருவர். மாதச் சாமான் வாங்குபவருக்கு ஐந்து நிமிடம் ஆகும், சில்லறையாக வாங்குபவருக்கு இரண்டு. சராசரி மூன்று நிமிடம் என்று வைத்தால் மணிக்கு 20 பேர். காலை 6 முதல் மதியம் 1 வரை 140 பேர். அந்தக் கடையை நம்பி 400 குடும்பங்கள் இருந்தால் மீதி 260 குடும்பங்கள் என்ன செய்யும்? இரண்டு மணி நேரம் நீட்டித்தால் இன்னும் 40 பேர் வாங்கலாம். ஆனால் நீட்டித்த செய்தியைக் கேட்டுப் புதிதாக வருகிறவர்கள் அதைவிட அதிகம். கடையில் சரக்கு தீர்வதற்கு முன்பே நேரம் தீர்ந்துவிடுகிறது. அதனால்தான் குடோனில் எத்தனை ஆயிரம் டன் இருப்பு இருக்கிறது என்ற செய்திக்குறிப்பால் கூட்டம் கலைவதில்லை.

2021 மே 22 அறிவிப்பு இதைவிட மேல். 24-ஆம் தேதி முதல் ஒரு வாரம் தளர்வில்லாத ஊரடங்கு என்று சொன்ன கையோடு, 22, 23 ஆகிய இரண்டு நாளும் இரவு 9 மணி வரை கடை திறக்க அனுமதித்தார்கள். தோட்டக்கலைத் துறை ஏற்பாட்டில் வண்டிகளில் காய்கறி வரும் என்றும் சொன்னார்கள். அப்படியும் சந்தைகள் நிரம்பி வழிந்தன, காய்கறி விலை ஒரே நாளில் எகிறியது. வண்டி வரும் என்பது எல்லோர் காதிலும் விழுந்தது. எந்தத் தெருவுக்கு, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, கிலோ என்ன விலைக்கு என்பது பெரும்பாலான வீடுகளுக்குத் தெரியவில்லை. தெரியாத வண்டியை நம்பி யாரும் அடுப்பைப் பற்றவைக்க மாட்டார்கள்.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை: ஊரடங்கு ஆணை வெளியாகும் அதே நிமிடத்தில் வார்டு வாரியான விற்பனை அட்டவணையும் வெளியாக வேண்டும்.

அடுத்தது லிஸ்ட் முறை. முந்தின நாள் மாலை வாட்ஸ்அப்பிலோ துண்டுச் சீட்டிலோ லிஸ்ட் வாங்கி, கடையை மூடிய பிறகு பொட்டலம் கட்டி, பில் போட்டு வைத்துவிட்டால் மறுநாள் ஒருவருக்கு ஒரு நிமிடம் போதும். அதே கல்லாவில் மணிக்கு 60 பேர். இதில் கோளாறு வருவது சின்னச் சின்ன இடங்களில்தான். கேட்ட பிராண்டு இல்லையென்றால் வாசலில் வாக்குவாதம் தொடங்கி வரிசை நின்றுவிடும். அதனால் லிஸ்டிலேயே ‘இல்லாவிட்டால் வேறு கொடுக்கலாமா’ என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். எண்ணெய் பாக்கெட்டைத் தனிப் பையில் போட வேண்டும். ஒரு பாக்கெட் ஓட்டையானால் அரிசி, ரவை எல்லாம் வீண். பில் தொகையை முன்கூட்டியே சொல்லிவிட்டால் சில்லறைத் தட்டுப்பாடு வராது. இரவு 7 மணிக்குக் கடையை அடைக்கச் சொல்லும்போது, உள்ளே பொட்டலம் கட்டுகிறவர்களை 11 மணி வரை இருக்கவிடுங்கள் என்று காவல் நிலையத்துக்கும் சொல்லிவையுங்கள். இது இல்லாமல் லிஸ்ட் முறை நடக்காது.

‘ஆளுக்கு ஒரு பாக்கெட்’ என்ற கட்டுப்பாடு பார்வைக்கு நியாயமாகத் தெரியும். நடைமுறையில் அப்பா, அம்மா, அண்ணன், தங்கை என்று நான்கு பேரும் வரிசையில் வந்து நிற்பார்கள். கூட்டம் நான்கு மடங்காகும். கட்டுப்பாடு வேண்டுமென்றால் குடும்பத்துக்கு ஒரு லிஸ்ட், வாரத்துக்கு ஒருமுறை என்று வையுங்கள். அளவையும் சொல்லிவிடுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு வாரத்துக்கு அரிசி 15 கிலோ, துவரம்பருப்பு இரண்டரை கிலோ, சமையல் எண்ணெய் ஒன்றரை லிட்டர், உப்பு ஒரு பாக்கெட் தாராளமாகப் போதும். உருளைக்கிழங்கு, பெரிய வெங்காயம், சேனை, வெட்டாத பூசணி இரண்டு வாரம் தாங்கும். முட்டைக்கோஸ் ஒரு வாரம். செங்காயான தக்காளி ஐந்தாறு நாள். கீரையும் கொத்தமல்லியும் மறுநாளே வாடிவிடும். அவற்றைக் கட்டுக்கட்டாக வாங்கியவர்கள் மூன்றாம் நாள் குப்பையில்தான் கொட்டினார்கள். ரவையும் மைதாவும் நம் ஊர் ஈரக்காற்றில் சீக்கிரம் வண்டு பிடிக்கும், சேர்த்து வைக்கவே கூடாது. குடியிருப்போர் சங்கங்கள் மூலம் இந்த அளவுகளைத் தெரிவித்தால் ‘எவ்வளவு வாங்குவது’ என்ற தவிப்பு பாதி அடங்கும்.

ஐம்பது ரூபாய்க்கும் நூறு ரூபாய்க்கும் அன்றன்றைக்கு வாங்கிச் சமைக்கிறவர்களை நினைத்துப் பாருங்கள். அடுக்குமாடிக்காரர் மூட்டையாகத் தூக்கிக்கொண்டு போனபின் அவர்களுக்கு 100 மில்லி எண்ணெயும் கால் கிலோ பருப்பும் கிடைப்பதில்லை. கடைக்கு வரும் ஒவ்வொரு பத்து மூட்டையிலும் மூன்றைப் பிரித்துச் சில்லறைக்கு ஒதுக்கவேண்டும் என்று ஆணை போடுங்கள். சொல்லிவிட்டால் கடைக்காரர்கள் செய்வார்கள். ஆணை இருந்தால் மொத்தமாகக் கேட்கிறவரிடம் இல்லையென்று சொல்லவும் அவர்களுக்கு ஒரு பிடி கிடைக்கும்.

ரேஷன் கடையிலும் இதே நேரக் கணக்குதான். ஒரு கார்டுக்கு எடை போட்டு பில் அடிக்க ஐந்து நிமிடம். எட்டு மணி நேரம் ஓடினாலும் நாளுக்கு நூறு கார்டைத் தாண்டுவது கடினம். ஆயிரம் கார்டு உள்ள கடைக்குப் பத்து நாள் வேண்டும். 2020-இல் நாளும் நேரமும் குறித்து டோக்கன் கொடுத்தது மிகச் சரியான ஏற்பாடு. அந்த டோக்கன் ஊரடங்கு தொடங்கும் முன்பே வீட்டுக்கு வந்துவிட வேண்டும். விற்பனை இயந்திரம் சர்வரோடு தொடர்பிழந்தால் கையால் எழுதிக் கொடுக்கும் அதிகாரமும் கடைப் பணியாளருக்கு வேண்டும்.

சரக்கு கடைக்கு வந்து சேரும் வழியில் அடிக்கடி விட்டுப்போவது சுமை தூக்கும் தொழிலாளர்கள். முதலாளிக்கு பாஸ், லாரிக்கு பாஸ், இறக்குகிறவருக்கு இல்லை. நாசிக்கிலிருந்து வெங்காயமும் விருதுநகரிலிருந்து பருப்பும் வாசல்வரை வந்தாலும் இறக்க ஆளில்லாமல் லாரி நின்றால் கடை காலிதான். ஒரு கடைக்கு இரண்டு சுமைத் தொழிலாளர், ஒரு மினி லாரி ஓட்டுநர் என்று சேர்த்தே பாஸ் கொடுங்கள். மொத்தச் சந்தைக்கு மாற்று இடமும் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். 2020 மே 5-இல் கோயம்பேடு மூடப்பட்ட பிறகுதான் திருமழிசையில் அவசரமாகத் தற்காலிகச் சந்தை போட்டார்கள். மழை பெய்தால் அங்கே சேறு. அதற்குள் கோயம்பேட்டில் வேலை பார்த்து ஊர் திரும்பியவர்கள் வழியே தொற்று கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர் வரை போய்விட்டது. காய்கறி மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்குத் திரும்பச் செப்டம்பர் 28 ஆனது.

மருந்தில் செய்ய வேண்டியதை நீங்களே ஒருமுறை செய்து காட்டினீர்கள். 2021-இல் ரெம்டெசிவிர் என்ற கொரோனா ஊசி மருந்துக்காகக் கீழ்ப்பாக்கத்திலும் பிறகு நேரு ஸ்டேடியத்திலும் நோயாளிகளின் உறவினர்கள் வெயிலில் காத்துக் கிடந்தார்கள். மருத்துவமனைகளுக்கே நேரடியாக மருந்து என்று மே நடுவில் மாற்றியதும் அந்த வரிசை போயிற்று. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளுக்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஏற்கெனவே வீட்டு வாசலில் நிற்கிறது. ஊரடங்கு என்றால் ஒரு மாத மாத்திரை முன்னதாகவே போய்ச் சேரட்டும். இன்சுலினை மட்டும் யாரும் மூன்று மாதத்துக்குச் சேர்த்து வைக்காதபடி சொல்லுங்கள். பிரிக்காத குப்பி 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். ஃபிரீசரில் உறைந்தாலும், நீண்ட மின்வெட்டில் சூடேறினாலும் அதை நம்பிப் போட்டுக்கொள்ள முடியாது.

தன்னார்வலர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரலில் அவர்கள் நேரடியாக உணவு வழங்கக் கூடாது என்று அரசு அறிவித்து, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. கூட்டம் கூடும் என்ற கவலை சரியானதே. ஆனால் உதவ வருகிறவர்களைத் தடுப்பதைவிடத் தெரு பிரித்துக் கொடுப்பது எளிது: ஒரு தெருவுக்கு இரண்டு பேர், ஐம்பது வீடு, தனியாக இருக்கும் முதியோர் பட்டியல், ஒரு கடை. லிஸ்டை வாங்குவது, பொட்டலத்தை வாசலில் வைப்பது, பணத்தைக் கடையில் சேர்ப்பது அவர்கள் வேலை.

அறிவிப்பின் வாசகம் இப்படி இருக்கட்டும்: ‘திங்கள் முதல் ஞாயிறு வரை ஊரடங்கு. உங்கள் வார்டு மளிகைக் கடைகள் லிஸ்ட் வாங்கிப் பொருளை வீட்டுக்கு அனுப்பும். காய்கறி வண்டி செவ்வாய், வெள்ளி காலை 7 முதல் 10 வரை உங்கள் தெருவில் நிற்கும். பாலும் மருந்துக் கடையும் தினமும் உண்டு. தக்காளி, வெங்காயம், உருளை விலை வண்டியில் எழுதியிருக்கும். வண்டி வராவிட்டால் அழைக்க வேண்டிய எண் இது.’

இதற்கான வார்டு அட்டவணையை இப்போதே தயாரிக்கலாம். எந்தத் தெருவில் எத்தனை கடை, எத்தனை தராசு, எத்தனை தள்ளுவண்டி என்ற விவரத்தை நாங்கள் தருகிறோம். இதற்கான ஆலோசனைக் கூட்டத்தை மதியம் 2 முதல் 4 மணிக்குள் வையுங்கள். வியாபாரம் குறைவாக இருக்கும் அந்த நேரத்தில்தான் கடைக்காரர்களால் வர முடியும்.

இப்படிக்கு,
சென்னையின் மளிகை, காய்கறி, மருந்துக் கடைப் பணியாளர்களும் தெருத் தன்னார்வலர்களும்