குல்லா போன கதை

அன்பு நண்பா,

நலம்தானே? உன் பேத்தி எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று எழுதியிருந்தாய். இனி உன் கண்ணாடியையும் பேனாவையும் உயரத்தில் வை. பதில் எழுத மூன்று வாரமானதற்கு முட்டிவலி என்று சொல்லலாம், ஆனால் சோம்பல்தான். இன்று எழுத வேண்டியதாகிவிட்டது. நீ கொடுத்த கம்பளிக் குல்லா ஆற்றோடு போய்விட்டது.

திட்டாதே, முழுக்கக் கேள். மகள் வேலை மாற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போனதிலிருந்து வீட்டில் சத்தமே இல்லை. குழாய் சொட்டுவதுகூடக் கேட்கிறது. நேற்று மதியம் பொறுக்காமல் ஆற்றங்கரைக்குக் கிளம்பிவிட்டேன்.

சரியான காற்று. வெப்பமானியில் 5 டிகிரிதான் இருந்தது, ஆனால் உடம்பு அதை நம்பவில்லை. தோலை ஒட்டி நாம் சூடாக்கி வைத்திருக்கும் காற்றை வெளிக்காற்று ஓயாமல் உரித்துக்கொண்டு போனால் எப்படித் தாங்கும்? கண்ணில் தண்ணீர் கொட்டியது. யாராவது பார்த்திருந்தால், கிழவனுக்கு என்ன துக்கமோ என்று நினைத்திருப்பார்கள்.

போன கோடையில் நாம் கணுக்கால் நனையக் கடந்த ஆறா இது என்று இருந்தது. ஒரு வாரமாக மேலே மழை. வெயில் காலமென்றால் அதில் நிறைய மரங்களுக்கும் வெயிலுக்கும் போய்விடும். இப்போது மரங்கள் மொட்டையாக நிற்கின்றன, மண்ணும் ஊறிப்போய்க் கிடக்கிறது. விழுகிற தண்ணீர் நேரே ஆற்றுக்குத்தான். கரையோரப் புதர்களில் நுரை, பஞ்சு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆறு ஏன் இரைகிறது என்று படிக்கிற காலத்தில் ஒரு ராத்திரி முழுக்கச் சண்டை போட்டோமே, ஞாபகம் இருக்கிறதா? தண்ணீர் பாறையில் மோதுகிற சத்தம் என்றேன் நான். அடியில் கல் உருளுகிற சத்தம் என்று நீ சாதித்தாய். அப்புறம்தான் படித்தேன்: அந்தச் சலசலப்பில் பெரும்பகுதி தண்ணீருக்குள் மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழ்கள் அதிர்கிற சத்தமாம். மார்செல் மின்னார்ட் என்ற டச்சு இயற்பியலாளர் 1933-லேயே எழுதிவிட்டார். பெரிய குமிழுக்கு அடிக்குரல், சின்னதற்குக் கீச்சுக்குரல். நாம் இரண்டு பேருமே தோற்றோம் என்று இத்தனை நாள் சந்தோஷமாக இருந்தேன்.

நேற்று ஏதோ தோன்றி, கைத்தடியைக் கரையோரத் தண்ணீரில் அடிவரை ஊன்றினேன். குல்லாவைக் காதுக்கு மேலே தள்ளிவிட்டு, தடியின் மறுமுனையைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தினேன். முதலில் வெறும் உறுமல். கொஞ்ச நேரத்தில் அதற்குள்ளே 'டொக்... டொக்டொக்' என்று யாரோ கோலி உருட்டுகிற மாதிரி. கல்தான்! ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது உருட்டக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. உருளாமல் என்ன செய்யும்?

நீ பாதி ஜெயித்துவிட்டாய் என்று நான் நிமிர்ந்த அதே நொடியில் காற்று குல்லாவைப் பிடுங்கிக்கொண்டது.

நேராக நடு ஆற்றில் விழுந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். விழுந்தது ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் இருந்த சுழலில். அங்கே தண்ணீர் எதிர்த்திசையில் ஓடும். குல்லா மெல்ல என்னை நோக்கித் திரும்பி வந்தது. தடியை நீட்டினேன், ஒரு சாண் குறைந்தது. விலகிப் போய்ச் சுற்றிக்கொண்டு மறுபடி வந்தது. இப்படி நான்கு தடவை. இன்னொரு கல்லில் கால் வைத்திருந்தால் எட்டியிருக்கும். அந்தக் கல் முழுக்கப் பாசி. அந்தக் குளிர்ந்த தண்ணீரில் சட்டென்று விழுந்தால் மூச்சு தானாகவே உள்ளே இழுக்கும், தலை தண்ணீருக்குள் இருந்தாலும் சரி. நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஐந்தாவது சுற்றில் கம்பளி கனத்து அமிழ்ந்தது, ஓட்டம் இழுத்துக்கொண்டது.

காதைப் பொத்திக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். இன்னும் வலது காது குடைகிறது.

அடுத்த குல்லாவைத் தாடைக்குக் கீழே கட்டுகிற நாடா வைத்ததாகப் பார். தபாலில் அனுப்பாதே, தண்ணீர் வடிவதற்குள் நீயே எடுத்துக்கொண்டு வா. அந்தக் கரையில் பேசினால் ஒன்றும் காதில் விழாது. உனக்கும் ஒரு தடி வெட்டி வைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய எதிரி