சான்றிதழுக்காகக் காத்திருக்க வேண்டாம்: பெங்களூருப் பள்ளிகளில் பணிபுரியும் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெங்களூருப் பள்ளிகளில் முதல்வர்களாகவும் ஒருங்கிணைப்பாளர்களாகவும் வகுப்பாசிரியர்களாகவும் இருக்கும் தமிழர்களுக்கு,

வணக்கம்.

என் மகளின் பள்ளிக்கு ஆங்கிலத்தில் எழுத வேண்டியதை எழுதிவிட்டேன். ஏ.டி.எச்.டி என்னும் கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்புக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு வகுப்பில் செய்துதர வேண்டிய வசதிகளைப் பற்றிய இந்த மடல் அந்த ஒரு பள்ளிக்கானது இல்லை. அல்சூர், மர்ஃபி டவுன், காக்ஸ் டவுன், ஸ்ரீராமபுரம் என்று தலைமுறைகளாக இந்த ஊரில் வாழும் நம் குடும்பங்களிலிருந்து ஆசிரியர் வேலைக்குப் போனவர்கள் ஏராளம். பேரண்ட்ஸ் மீட்டிங்கில் ஆங்கிலத்தில் தொடங்கும் பேச்சு, எதிரே இருப்பவரும் தமிழ் என்று தெரிந்ததும் சட்டென்று இளகுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதை நம்பித்தான் எழுதுகிறேன்.

என் மகளுக்கு 9 வயது, நான்காம் வகுப்பு. அண்மையில் நிமான்ஸ் மனநல மருத்துவமனையில் அவளுக்கு ஏ.டி.எச்.டி இருக்கிறது என்றார்கள். கவனக்குறைவு மேலோங்கிய வகை. வகுப்பில் எழுந்து ஓட மாட்டாள், யாரையும் அடிக்க மாட்டாள். சன்னலையோ பென்சில் முனையையோ பார்த்தபடி அமைதியாக உட்கார்ந்திருப்பாள். பாடம் போய்க்கொண்டே இருக்கும். அறிக்கையோடு பள்ளிக்குப் போனதும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "டிஸெபிலிட்டி சர்டிஃபிகேட் இருக்கா?" என்பது. மாற்றுத்திறனாளி என்று அரசு தரும் சான்றிதழைத்தான் கேட்டார்கள். இல்லை என்றேன். "அது வந்ததும் பார்க்கலாம்" என்றார்கள்.

அது வராது. உங்களில் பலருக்கு இது தெரியாது என்று நினைக்கிறேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசம் அதில் இருக்கிறது. டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடுகள் இருக்கின்றன. ஏ.டி.எச்.டி என்ற பெயர் இல்லை. ஏ.டி.எச்.டி-யோடு கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் நிறையப் பேர். அவர்களுக்கு அந்த வழியில் சான்றிதழ் கிடைக்கலாம். என் மகளைச் சோதித்துப் பார்த்தார்கள். அவளுக்கு அது இல்லை. ஏ.டி.எச்.டி மட்டும் இருக்கிற குழந்தையின் பெற்றோரிடம் சான்றிதழ் கொண்டுவா என்றால், எந்தக் கதவைத் தட்டுவது?

ஆனால் அதே சட்டம் பட்டியலோடு நின்றுவிடவில்லை. உடலிலோ மனத்திலோ அறிவுத்திறனிலோ புலனிலோ நெடுநாள் குறை இருந்து, சுற்றியுள்ள தடைகளோடு சேர்ந்து அது மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்பதைத் தடுக்குமானால், அவர் மாற்றுத்திறனாளி என்றுதான் அதன் வரையறை சொல்கிறது. 16ஆம் பிரிவு, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் எல்லாமே ஒவ்வொரு குழந்தையின் தேவைக்கேற்ப நியாயமான வசதிகளைச் செய்துதர வேண்டும் என்கிறது. தனியார் பள்ளிகளும் இதில் அடக்கம். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோயுள்ள ஓர் இளைஞர் குடிமைப் பணித் தேர்வில் தனக்காக எழுத ஒருவர் வேண்டும் என்று கேட்ட வழக்கு அது. 40 சதவீதக் குறைபாடு என்ற சான்று இருந்தால்தான் அந்த வசதி என்பதை நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்த அளவு வேலை ஒதுக்கீடு போன்றவற்றுக்கு உரியது, வசதி கேட்பதற்கான முன்நிபந்தனை ஆகாது என்பதுதான் நீதிபதி சந்திரசூட் எழுதிய தீர்ப்பின் சாரம்.

பொதுத்தேர்வுக்கு வாரியங்கள் சான்றிதழ் கேட்கின்றன. அது வாரியத்தின் விதி. பத்தாம் வகுப்பு வரும்போது அதை எப்படி எதிர்கொள்வது என்ற கவலை எனக்கு இப்போதே இருக்கிறது. ஆனால் நான்காம் வகுப்பு யூனிட் டெஸ்ட்டுக்கு எந்த வாரியம் விதி போட்டிருக்கிறது? கேள்வித்தாள் உங்களுடையது, மணி அடிப்பதும் நீங்கள்தான். சி.பி.எஸ்.இ. தன் தேர்வில் தகுதியுள்ளவர்களுக்கு 3 மணி நேரத்துக்கு 60 நிமிடம் கூடுதலாகத் தருகிறது. அதே கணக்கில் 40 நிமிட டெஸ்ட்டுக்குச் சுமார் 13 நிமிடம் வரும். அதைக் கொடுக்க ஒரு முதல்வரின் கையெழுத்து போதும்.

இதை நான் கற்பனையில் சொல்லவில்லை. என் மகளின் கன்னட ஆசிரியை யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. அவளை வாசலுக்கும் சன்னலுக்கும் தள்ளி, முதல் வரிசையில் சுவர் ஓரமாக உட்கார வைத்தார். எதையாவது செய்யச் சொல்லும் முன் அவள் டெஸ்க்கை ஒரு விரலால் தட்டுவார். மற்ற பிள்ளைகளுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. பத்து வரி எழுத வேண்டுமென்றால் ஐந்து எழுதியதும் நோட்டைத் தன் மேசைக்குக் கொண்டுவரச் சொல்வார். அந்த நாலு எட்டு நடை அவளுக்கு ஒரு மூச்சு விடும் நேரம். வகுப்பு முடியும் முன் டைரியில் ஹோம்வொர்க் எழுதியிருக்கிறாளா என்று ஒரு பார்வை. அவ்வளவுதான். வீட்டில் நாங்கள் பேசாத மொழி கன்னடம், ஆனாலும் அந்தப் பாடத்தின் நோட்டு மட்டும்தான் முழுதாக வீடு வந்து சேர்கிறது. அந்த அம்மாவுக்கு என்ன கைமாறு செய்ய முடியும் என்று தெரியவில்லை.

மற்ற பாட நோட்டுகளில் பாதிப் பக்கம் காலி. அதற்குத் தண்டனையாக பி.டி. பீரியடில் வகுப்பிலேயே உட்கார வைத்து எழுதச் சொல்கிறார்கள். தயவுசெய்து இதை நிறுத்துங்கள். ஓடி ஆடி வந்தால்தான் அடுத்த பாடத்தில் இந்தப் பிள்ளைகளால் கொஞ்சமாவது நிலைத்து உட்கார முடியும். அதைப் பறித்தால் அடுத்த பீரியடும் போய்விடுகிறது. விடுபட்டதை இன்னொரு பிள்ளையின் நோட்டிலிருந்து ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ள விடுங்கள். காசு நாங்கள் தருகிறோம்.

"புத்திசாலிதான், மனசு வச்சா செய்வா" என்று எல்லா மீட்டிங்கிலும் சொல்கிறார்கள். மனசு வைக்காததால் வருவது இல்லை இது. 2007இல் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனம் மூளைப் படங்களை வைத்து நடத்திய ஓர் ஆய்வில், மூளையின் மேலடுக்கான புறணி உச்சத் தடிமனை எட்டும் இடைநிலை (மீடியன்) வயது மற்ற பிள்ளைகளுக்கு ஏழரை, ஏ.டி.எச்.டி உள்ளவர்களுக்குப் பத்தரை என்று தெரிந்தது. கவனத்தையும் திட்டமிடுதலையும் ஆளும் முன்பகுதியில்தான் இந்தத் தாமதம் அதிகம். என்ன செய்ய வேண்டும் என்று என் மகளுக்குத் தெரியும். அதைத் தொடங்குவதும், தொடங்கியதை விடாமல் பிடித்திருப்பதும்தான் கடினம். அந்த இடத்தில் வெளியிலிருந்து ஒரு சின்னத் தட்டல் தேவைப்படுகிறது. திட்டு அந்த வேலையைச் செய்யாது.

வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்துங்கள், குழந்தை குழம்புகிறாள் என்றும் சொன்னார்கள். பல மொழி பேசுவதால் ஏ.டி.எச்.டி வருவதில்லை. ஆங்கிலம், கன்னடம், இந்தி என மூன்று எழுத்து முறைகளில் போர்டைப் பார்த்து எழுதுவது அவளுக்குச் சுமை என்பது உண்மை. அதைக் குறைக்க வழி சொல்லுங்கள். அவள் தாத்தாவோடு பேசும் மொழியை விடச் சொல்லாதீர்கள். தமிழ் ஆசிரியர்களே இந்த ஆலோசனையைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

எங்கள் தெருவில் இன்னொரு குழந்தை இருக்கிறான். அவன் துறுதுறுப்பு வகை. அவனுடைய பள்ளியில் யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. நாளெல்லாம் பக்கத்தில் உட்கார ஒரு ஷேடோ டீச்சரை உங்கள் செலவில் போடுங்கள், இல்லாவிட்டால் டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை ஒரு குழந்தையைப் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது. அந்த வீட்டில் அது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். கேட்டதும் டி.சி.யை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். தொந்தரவு தரும் பிள்ளையை வெளியே அனுப்புவதும், தொந்தரவு தராத பிள்ளையைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் ஒரே தவறின் இரண்டு பக்கம்.

அவனிடம் ஒரு ஆசிரியர் வகுப்பின் நடுவே, "இன்னிக்கு மாத்திரை போட்டியா?" என்று கேட்டிருக்கிறார். அதன்பிறகு பிள்ளைகள் அவனை மாத்திரை என்றே கூப்பிட்டார்கள். மனத்தைப் புண்படுத்துவதையும் அதே கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் தடை செய்கிறது. மருந்து தருவதா, எவ்வளவு என்பதெல்லாம் மருத்துவரும் பெற்றோரும் பேசி முடிவு செய்ய வேண்டியவை. வகுப்பில் அந்தச் சொல்லே எழக் கூடாது.

வகுப்பாசிரியர்களின் பாரம் எனக்குத் தெரியும். 40 பிள்ளைகள், திருத்த வேண்டிய நோட்டுகள், ஆண்டு விழா, போதாக்குறைக்கு ஆப்பில் ஏற்ற வேண்டிய படங்கள். அதனால்தான் முதல்வர்களிடம் தனியாகக் கேட்கிறேன்: சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான ஆசிரியர், அதாவது ஸ்பெஷல் எஜுகேட்டர், உங்கள் பள்ளியில் இருந்தால், அவரை வராத ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்ள அனுப்பாதீர்கள். அவர் வகுப்பாசிரியரோடும் பெற்றோரோடும் அரை மணி நேரம் உட்காரட்டும். எங்கே உட்கார வைப்பது, டைரியை யார் பார்ப்பது, டெஸ்ட்டுக்கு எவ்வளவு நேரம், அடுத்து எப்போது சந்திப்பது என்று ஒரே பக்கத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்திடலாம். எல்லாப் பாட ஆசிரியர்களிடமும் அந்தப் பக்கத்தின் ஒரு பிரதி இருக்க வேண்டும். தசரா விடுமுறைக்கு முன்பே இதைச் செய்துவிட முடியும்.

இன்னொன்று. மருத்துவர்கள் ஆசிரியர்களுக்கென்று ஒரு கேள்விப் படிவம் தருகிறார்கள். ஏ.டி.எச்.டி என்று உறுதி செய்ய, அறிகுறிகள் வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும். சிகிச்சை தொடங்கிய பிறகு அது பலன் தருகிறதா என்று பார்க்கவும் உங்கள் பதில்தான் உதவும். என் மகளின் பையிலிருந்து அந்தப் படிவம் வெறுமையாகவே திரும்பி வந்தது. உங்கள் மேசைக்கு அப்படி ஒரு படிவம் வந்தால், அந்த வாரமே நிரப்பி, உறையில் போட்டு ஒட்டி, பெற்றோர் கையில் கொடுங்கள்.

அன்புடன்,
நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா
அல்சூர், பெங்களூரு