காணிக்கைப் பையும் வாக்காளர் பட்டியலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னிந்தியத் திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) நிர்வாகத்தை நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதிகளிடம் ஒப்படைப்பது இப்போது யாரையும் திடுக்கிட வைப்பதில்லை. கோயில்களுக்கு அறநிலையத் துறை இருப்பதுபோல சர்ச் சொத்துகளுக்கும் ஒரு வாரியம் வேண்டும் என்ற பேச்சும் வலுக்கிறது. உடனே சபைத் தலைவர்கள் ‘அரசு தலையிடுகிறது’ என்று அறிக்கை விடுகிறார்கள். அதில் பாதிதான் நியாயம். கதவைத் திறந்துவிட்டது யார் என்பதை அந்த அறிக்கைகள் சொல்வதில்லை.

ஆங்கிலிக்கன் சபை ஒரு காலத்தில் இங்கே அரசுத் துறைபோலவே நடந்தது. சாப்ளின்களுக்கு, அதாவது அரசு வைத்திருந்த குருமாருக்கு, இந்திய வருவாயிலிருந்து சம்பளம். கல்கத்தா, சென்னை, பம்பாய் பேராயர்களை நியமித்தது இங்கிலாந்து முடியரசு. 1927ஆம் ஆண்டின் இந்தியத் திருச்சபைச் சட்டத்தால் 1930 மார்ச் 1 அன்று அந்தச் சட்டப் பிணைப்பு அறுந்தது. (சாப்ளின் சம்பளம் அதன்பிறகும் சில காலம் ஓடியது, அது வேறு கதை.) தன் பேராயரைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமை சபைக்கு அப்போதுதான் வந்தது. 1947 செப்டம்பர் 27இல் சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் அந்தச் சபையும் வேறு சபைகளும் இணைந்து உதயமான தென்னிந்தியத் திருச்சபைக்கு அந்தச் சுதந்திரம் பிறக்கும்போதே கிடைத்துவிட்டது. கிடைத்ததை நாமே கோர்ட்டில் கொண்டுபோய் ஒப்படைத்துக்கொண்டிருக்கிறோம்.

வழக்குகள் பெரும்பாலும் சபைத் தேர்தலின் வாக்காளர் பட்டியலில்தான் முளைக்கின்றன. சந்தா நிலுவை இல்லாதவருக்கே ஓட்டு என்பது விதி. கடைசி நாள் நெருங்கும்போது ரசீதுப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள்: ஒரே தேதி, அடுத்தடுத்த நாற்பது எண்கள், எல்லாம் ஒரே கையெழுத்து. போட்டியிடும் அணி மொத்தமாகப் பணம் கட்டிவிட்டது என்று அர்த்தம். எதிரணி வழக்குப் போடுகிறது, நீதிமன்றம் நிர்வாகியை நியமிக்கிறது, அவருக்கான ஊதியம் சபை நிதியிலிருந்து போகிறது. இதற்கு மருந்து எளிது. சந்தாவை மாதாமாதம் குடும்பத்தார் கையாலேயே வாங்க வேண்டும். தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பே கணக்கை மூடி, பட்டியலை ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். ஆட்சேபத்துக்கு மூன்று ஞாயிறு அவகாசம் தரலாம். அதன்பின் ஒரு பெயரும் ஏறவோ இறங்கவோ கூடாது.

இவ்வளவு போட்டி எதற்கு என்று வெளியார் கேட்பார்கள். உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும். சபை நடத்தும், அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பது நிர்வாகம், சம்பளம் தருவது அரசு. இந்த இடத்தில்தான் சபையும் அரசும் ஒன்றின் சட்டைப்பையில் மற்றொன்று கைவிட்டுக்கொண்டு நிற்கின்றன. காலியிட விளம்பரமும் நேர்காணல் மதிப்பெண் பட்டியலும் ஆலயப் பலகையிலேயே ஒட்டப்பட்டால், பள்ளி நிர்வாகத்தைக் கையில் வைத்திருக்கும் தாளாளர் நாற்காலிக்கு இருக்கும் மவுசு பாதியாகக் குறையும்.

குருமார் பயிற்சியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இறையியல் கல்லூரியில் எபிரெயமும் கிரேக்கமும் படித்துவிட்டு வரும் இளம் ஆயரிடம், சேகரத்தில் (ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள சபைப் பகுதியில்) கால் வைத்த வாரமே பள்ளிக் கோப்பு, கடை வாடகை, சம்பளப் பட்டியல் என்று அடுக்குகிறோம். பக்கத்தில் இருந்து வழிகாட்ட வேண்டிய கமிட்டி உறுப்பினர்களுக்கும் எந்தப் பயிற்சியும் இல்லை. மூன்றாண்டு பதவிக்கு வருகிறவருக்கு ஆறு சனிக்கிழமை வகுப்பு கட்டாயம் என்று ஒவ்வொரு திருமண்டலமும் (பேராயரின் ஆளுகைக்குட்பட்ட வட்டாரமும்) விதி செய்யட்டும்.

முதல் வகுப்பு காணிக்கை எண்ணுவது. உறவினர் அல்லாத இருவர், ஆராதனை முடிந்த அன்றே, ரூபாய் நோட்டு வாரியாகத் தாளில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். மறு வேலை நாளில் முழுத்தொகையும் வங்கிக்குப் போக வேண்டும். நடப்பதோ வேறு. மைக்செட்காரருக்கு, அய்யர் (ஆயர்) வண்டிப் பெட்ரோலுக்கு என்று பையிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிட்டு மிச்சத்தை மட்டும் வரவு வைக்கிறார்கள். திருட்டு இல்லைதான். ஆனால் வரவே குறைந்து பதிவாகிவிட்டால், எந்த ஆடிட்டராலும் பிடிக்க முடியாது. அடுத்தது மினிட் புத்தகம்: பக்கத்துக்கு எண், தீர்மானத்துக்கு எண், இரண்டு தீர்மானங்களுக்கு நடுவே வெற்றிடம் விடக்கூடாது. விட்ட இடத்தில்தான் பின்னாளில் ஒரு கடை குத்தகைக்குப் போயிருக்கும். சொத்தின் உரிமை தென்னிந்தியத் திருச்சபை டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருக்கும்போது சேகரக் கமிட்டி தீர்மானத்தால் மட்டும் அதை விற்க முடியாது என்பதும், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பதும் உறுப்பினர் பலருக்குப் புதுச் செய்தி. மற்ற வகுப்புகளைத் திருமண்டலமே தீர்மானிக்கட்டும்.

யாரைத் தேர்ந்தெடுப்பது? பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தில், பந்தி விசாரணையில் (உணவுப் பங்கீட்டில்) கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டார்கள் என்ற முறுமுறுப்பு எழுந்தது. சபை தெரிந்துகொண்ட ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்தாரிடமே சாவி போனது. நம் ஊர்களில் எந்தத் தெருவுக்கு, எந்தச் சாதிக்கு கமிட்டியில் இடமே கிடைப்பதில்லை என்று பார்த்துவிட்டு அந்த அதிகாரத்தைப் பிரசங்கித்தால் நல்லது.

கடைசியாக, பொதுத்தேர்தல். 1988ஆம் ஆண்டின் மத நிறுவனங்கள் துஷ்பிரயோகத் தடுப்புச் சட்டம் ஆலயத்தை மட்டும் சொல்லவில்லை. நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் உள்ள எந்த இடத்தையும் அரசியலுக்கு விடக்கூடாது என்கிறது. திருமண மண்டபமும் அதில் அடங்கும். மீறினால் ஐந்தாண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். ‘அரசியல்’ என்பதற்கு அது தரும் வரையறை அகலமானது, கட்சி சாராத அரசியல் கோரிக்கையையும் உள்ளே இழுக்கும். அதனால் தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியலின உரிமை கேட்கும் கூட்டத்தை, அவசியமான கூட்டம்தான், காவல்துறை அனுமதியோடு பொது மைதானத்தில் நடத்துவதே பாதுகாப்பு. ‘இவருக்கு ஓட்டுப் போடாவிட்டால் ஆண்டவருக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும்’ என்று வேட்பாளரின் சம்மதத்தோடு ஒருவர் பேசினால், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(2) பிரிவில் அது முறைகேடான நிர்ப்பந்தம். ஜெயித்தவரின் வெற்றியே செல்லாமல் போகலாம்.

வேட்பாளர் ஆராதனைக்கு வந்தால் வரட்டும், பெஞ்சில் உட்காரட்டும். பொன்னாடை வேண்டாம், மைக் வேண்டாம், பெயர் சொல்லி வெற்றிக்கு ஜெபம் வேண்டாம்; அதிகாரத்திலுள்ள எல்லாருக்காகவும் ஏறெடுக்கும் வழக்கமான ஜெபம் போதும். கைகுலுக்குவதெல்லாம் ஆலய மதிலுக்கு வெளியே, ரோட்டில்.

இப்படிக்கு,
சபை நிர்வாகப் பொறுப்பில் உள்ள வாசகர்,
பாளையங்கோட்டை