மாப்ள, ஒரு ஆட் பிளாக்கர் போதும்டா

மாப்ள,

உன் மெயில் வந்துச்சு. திருப்பூர்ல வேலை நல்லா போவுதுன்னு படிச்சதும் மனசுக்கு நெறவா இருந்துச்சு, பாப்பா ப்ளஸ் ஒன் சேந்ததும் ரொம்ப சந்தோஷம். இங்க மன்னார்குடி பக்கம் சம்பா நடவு முடிஞ்சு களையெடுப்பு ஓடுது, பாமணி ஆத்துல தண்ணி நிக்காம வந்ததால கடைமடைக்காரங்க முகத்துலயும் கொஞ்சம் தெளிவு தெரியுது. கடையில பயிர் காப்பீடு சீசன்டா, அடங்கல், சிட்டா, பேங்க் பாஸ்புக்னு காலைலயே ஆளுங்க வந்து நிக்குறாங்க.

நீ எழுதுனதுல ஒரு விஷயம் மட்டும் மனச விட்டு போகல. பிரைவசிக்காக பிரேவ் பிரவுசர் போட்டேன், அதுக்கு மேல விளம்பரத்த தடுக்க நாலு ஆட் பிளாக்கர் எக்ஸ்டென்ஷனும் (பிரவுசரோட ஒட்டிக்கற குட்டி புரோகிராம்) போட்டேன், இனிமே கவலையில்லன்னு எழுதியிருந்த பாரு, அந்த நாலையும் இன்னைக்கே எடுத்துடு.

விளம்பரத்த தடுக்கறது தப்புன்னு சொல்லல, கண்டிப்பா தடுக்கணும். போன வாரம் நீடாமங்கலம் பக்கத்துலேந்து ஒரு பெரியவர் வந்தாரு, போன்ல சிட்டா தேடிருக்காரு, மேலயே வந்த விளம்பரத்த அரசு சைட்டுன்னு நெனச்சு தொட்டுருக்காரு, சர்வே நம்பர், போன் நம்பர் எல்லாம் வாங்கிட்டு கடைசில பணம் கட்டுன்னு கேட்டுருக்கு, கட்டிட்டாரு. அரசு சைட்ல சிட்டா பாக்க காசே கிடையாது. விளம்பரம்னு அந்த லிங்க் மேல எறும்பு சைசுல எழுதியிருந்துச்சு, அந்த வயசுல அது எப்படி கண்ணுக்கு தெரியும் சொல்லு. 2022 டிசம்பர்ல அமெரிக்காவோட புலனாய்வு அமைப்பு எஃப்பிஐயே இந்த மாதிரி போலி தேடல் விளம்பரத்துக்காக ஆட் பிளாக்கர் போட்டுக்கங்கன்னு மக்களுக்கு சொல்லுச்சு.

ஆனா எத போடுறோம்ங்கறது முக்கியம்டா. பிளாக்கர் எக்ஸ்டென்ஷன் போடறப்ப, நீ போற எல்லா சைட்லயும் இருக்கற டேட்டாவ படிக்கவும் மாத்தவும் அனுமதி கேக்கும், அது இல்லாம பெரும்பாலான பிளாக்கரால முழுசா வேலை செய்ய முடியாது. அப்ப நீ மெயில் தொறந்தாலும் பேங்க் சைட் தொறந்தாலும் அது உள்ள இருக்கு, எழுதுனவன் நல்லவனா இருக்கற வரைக்கும் சரி, கை மாறுச்சுன்னா போச்சு. நானோ ஆட்பிளாக்கர்னு ஒன்னு இருந்துச்சு, நல்ல பேரு அதுக்கு. 2020ல அத எழுதுனவர் வேற ஆளுங்களுக்கு வித்துட்டாரு, வாங்குனவங்க அக்டோபர்ல விட்ட அப்டேட்ல டேட்டாவ உருவற புரோகிராம் கோடு இருந்துச்சு, சில பேரோட இன்ஸ்டாகிராம் அக்கவுன்ட்லேந்து தானா லைக் விழ ஆரம்பிச்சுது, அப்பறம்தான் கூகுள் ஸ்டோர்லேந்து தூக்குனாங்க. போட்டவங்க புதுசா எதையும் தொடல, அப்டேட் தானா வந்து உக்காந்துடுச்சு. நீ போட்ட நாலும் யார் கையில இருக்குன்னு உனக்கு தெரியுமா?

பிரேவுக்கு தனி பிளாக்கர் தேவையே இல்லடா, ஷீல்ட்ஸ்னு உள்ளயே இருக்கு, அட்ரஸ் பார்ல அந்த சிங்கம் படம்தான் அது. அதுக்கு மேல நாலு போடறது ஒரே மடைய தொறக்க அஞ்சு பேரு மண்வெட்டியோட நிக்கற மாதிரி, ஒன்னு மறைச்சத இன்னொன்னு கெடுக்கும், பேஜ் லோட் ஆவாது, எது தடுத்துச்சுன்னு கண்டுபுடிக்கவும் முடியாது. இன்னொன்னும் இருக்கு. ஸ்க்ரீன் சைஸ், ஃபான்ட், எது எது பிளாக் ஆவுது, இதெல்லாம் சேத்து பாத்தே சைட்டுக்காரன் உன்னை கூட்டத்துலேந்து பிரிச்சு அடையாளம் வெச்சுப்பான், நீ எவ்வளவு வித்தியாசமா செட் பண்றியோ அவ்வளவு தனியா தெரிவ. ஆள் அடையாளம் தெரியாம நெட்ல போக உதவற டார் பிரவுசர்க்காரங்க எக்ஸ்ட்ராவா எந்த எக்ஸ்டென்ஷனும் போடாதீங்கன்னு சொல்றது இதுக்குத்தான்.

ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர்னா யூபிளாக் ஆரிஜின்ங்கற பிளாக்கர் ஒன்னே ஒன்னு போடு, ஆண்ட்ராய்டு போன்லயும் ஓடும். ஆரிஜின்ங்கற பேரு இருக்கான்னு பாரு, எழுதுனவர் ரேமண்ட் ஹில்னு இருக்கணும், ஏன்னா வெறும் யூபிளாக்னு இருக்கறது வேற ஆளுங்களோடது. 2014லேந்து நடத்துறாரு, நன்கொடை கூட வாங்க மாட்டாரு, எனக்கு அந்த மனுஷன் மேல பெரிய மரியாதை. கூகுள்ல தேடி மேல வர்ற லிங்க்லேந்து எறக்காத, ஃபயர்ஃபாக்ஸோட ஆட்-ஆன் பக்கத்துலேந்தே எடு.

கரன்ட் பில் கட்டுறப்ப பேமென்ட் பேஜ் நின்னுட்டா பிளாக்கரையே மொத்தமா ஆஃப் பண்ணாத, மொதல்ல அட்ரஸ் சரியான்னு பாத்துட்டு அந்த ஒரு சைட்டுக்கு மட்டும் ஆஃப் பண்ணு. நீ தெனம் படிக்கற சின்ன தமிழ் சைட் ஏதாவது விளம்பரத்த நம்பி ஓடுதுன்னா அதுக்கும் தொறந்து விடு, அவங்களும் பொழைக்கணும்ல. ஓடிபிய நாமளே சொல்லிட்டா எந்த பிளாக்கரும் காப்பாத்தாது, பணம் போச்சுன்னா ஒடனே சைபர் மோசடி உதவி நம்பர் 1930க்கு போன் போடு, அந்த பெரியவருக்கும் நான்தான் போட்டு குடுத்தேன்.

பாப்பா லேப்டாப்ல என்ன பிரவுசர்னு எழுது. குரோம்னா முழு யூபிளாக் ஆரிஜின் இப்ப அதுல ஓடாது, லைட்னு சின்னது ஒன்னுதான் இருக்கு, அதவிட ஃபயர்ஃபாக்ஸுக்கு மாத்திடறது நல்லது. புக்மார்க் எல்லாம் அதுவே இழுத்துக்கும், ஞாயித்துக்கிழமை கடை லீவு, கூப்புடு, போன்லயே சொல்லித் தரேன்.

தங்கச்சிய கேட்டதா சொல்லு.

உன் மாப்ள
மன்னார்குடி