அம்மாவின் ஸ்கேன் பற்றி

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புள்ள மகளுக்கு,

"மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை முடிந்த பிறகும் ஏன் இன்னொரு ஸ்கேன், திரும்பவும் ஏதேனும் வந்துவிட்டதா?" என்று நேற்று நீ கேட்டபோது அம்மா பக்கத்தில் இருந்ததால் நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. இது நோயைத் தேடும் ஸ்கேன் அல்ல; கதிர்ச் சிகிச்சைக்கு அளவெடுக்கும் ஸ்கேன். முப்பது வருடம் நில அளவையாளராக இருந்தவன் என்பதாலோ என்னவோ, எனக்கு அது உடனே பிடிபட்டது.

சரிவான பலகையொன்றில் அம்மாவைக் கிடத்தி, கையைத் தலைக்கு மேலே தூக்கி வைத்தார்கள். அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்ததால் இறுகியிருந்த தோளை, சுவரில் விரல்களை ஏற்றி ஏற்றி அவள் பழக்கியது அன்றுதான் பயன்பட்டது. தழும்பின் மேல் படத்தில் தெரியும்படி மெல்லிய கம்பி ஒட்டி, சி.டி. இயந்திரத்தில் சில மில்லிமீற்றர் இடைவெளியில் துண்டு துண்டாகப் படமெடுத்தார்கள். ஒவ்வொரு துண்டிலும் வைத்தியர் மார்பகம், நுரையீரல், இதயம் ஆகியவற்றின் எல்லைகளை வரைவார். கட்டி இருந்த இடத்தைச் சத்திரசிகிச்சை நிபுணர் உள்ளே விட்டுவைத்த சிறு உலோகக் கிளிப்புகள் காட்டிக்கொடுக்கும். எலும்பு, தசை, காற்று ஆகியவற்றின் அடர்த்தியும் அதே படத்திலேயே இருப்பதால், எந்த இடத்தில் எவ்வளவு கதிர் விழும் என்பதைக் கணினி கணக்கிட முடிகிறது.

அம்மாவுக்கு இடப்பக்கம் என்பதால் இதயத்தைக் காப்பதே முக்கியம். கதிர் நேராக உள்ளே போவதில்லை. நெஞ்சுச் சுவரை உரசினாற்போல் இரு பக்கங்களிலிருந்தும் சாய்வாக வருகிறது. ஆழமாக மூச்சை இழுத்துப் பிடித்தால் நுரையீரல் விரிந்து, இதயம் நெஞ்சுச் சுவரிலிருந்து விலகுகிறது. அதனால் சாதாரண மூச்சில் ஒன்றும் மூச்சைப் பிடித்து ஒன்றுமாக இரு முறை ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துக் காட்டியபோது, அந்தச் சிறிய இடைவெளியை நான் என் கண்ணாலேயே கண்டேன்.

ஒவ்வொரு நாளும் அதே நிலையில் கிடத்துவதற்காக மூன்று சிறு புள்ளிகளைப் பச்சை குத்தியிருக்கிறார்கள். எங்கள் தொழிலில் எல்லைக்கல் எதற்கோ, அதற்குத்தான் இதுவும். "இந்த வயதில் பச்சை குத்திவிட்டார்கள்" என்று அவளுக்குத்தான் பெரிய குறை.

மொத்தம் 15 நாட்கள், 40 கிரே (கிரே என்பது உடல் ஏற்கும் கதிரின் அலகு). சனி, ஞாயிறு இல்லை. திட்டம் தயாரானதும் கூப்பிடுவார்கள். அதுவரை மாலை ஆறு மணிக்கு நான் கைக்கடிகாரத்தைப் பார்க்க, அவள் மூச்சைப் பிடித்துப் பழகுகிறாள். நேற்று 22 வினாடி. அந்த நேரத்தில் நீ அழைத்து அவள் பேசாமல் இருந்தால் பயந்துவிடாதே.

அன்புடன்,
அப்பா